சிறகசைக்காத பயணம்

கல்யாண் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் காலை ஏழு மணிக்கு நிற்பவருக்கு வானத்தைப் பார்க்க நேரம் இராது. எந்த நடைமேடைக்கு விரைவு லோக்கல் வருகிறது என்பதிலேயே கண்ணும் காதும் இருக்கும். விடுமுறை நாளொன்றில், பத்து மணிக்கு மேல் அதே மேம்பாலத்தில் நின்று தலையை உயர்த்திப் பார்த்தால் வேறொரு போக்குவரத்து தெரியும். தண்டவாளங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் மேலே பத்துப் பதினைந்து பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். ஊர்ப்பருந்து என்றும் கள்ளப்பருந்து என்றும் நாம் அழைக்கும், பிளவுபட்ட வாலையுடைய அதே பறவைதான்.

அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து ஐந்து நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்தோமானால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் அது ஓரிரு முறைகூடச் சிறகடித்திராது. ஆயினும் முதலில் பார்த்தபோது இருந்ததைவிட உயரத்தில் இருக்கும். உழைப்பு இல்லை, ஆனால் உயர்வு இருக்கிறது. வங்கிப் பணியில் இருக்கும் எங்களுக்கு இத்தகைய கணக்கைக் கண்டால் உடனே ஐயம் எழும். வரவு இல்லாமல் இருப்பு கூடாது. அப்படியானால் இந்த வரவு எங்கிருந்து வந்தது? அதைத் தேடிச் செல்வதே இக்கட்டுரை.

விழுவதும் ஒரு பறத்தலே

முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சிறகடிக்காமல் மிதக்கும் பறவை உண்மையில் விழுந்துகொண்டிருக்கிறது. ஆனால் அது கல்லைப் போல் நேராக விழவில்லை. சாய்தளத்தில் இறங்குவதுபோல் முன்னோக்கிச் சறுக்கி விழுகிறது. மேம்பாலத்தின் உச்சியிலிருந்து மிதிக்காமலே இறங்கும் மிதிவண்டியை நினைத்துக்கொள்ளலாம். அதை முன்னே செலுத்துவது ஓட்டுபவரின் கால் அன்று. அவர் ஏறி வந்த உயரம்.

பறவையின் விரித்த சிறகு காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்று சிறகை மேல்நோக்கித் தள்ளுகிறது. இது தூக்குவிசை. முன்னேறும் உடலைக் காற்று பின்னுக்கு இழுக்கிறது. இது இழுவிசை. இழுவிசைக்கு ஈடுகொடுக்க எஞ்சின் இல்லாத நிலையில் பறவையின் சொந்த எடையே அந்த வேலையைச் செய்கிறது. அதற்கு விலையாக உயரம் சிறிது சிறிதாகச் செலவாகிறது. உயரம்தான் இருப்புத் தொகை. அதை எவ்வளவு மெல்லச் செலவழிக்க முடிகிறது என்பதே திறமை.

இந்தச் செலவை அளக்க அறிஞர்கள் ஓர் எளிய அளவை வைத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் கீழிறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே செல்லலாம் என்பதே அது. இதனைச் சறுக்கு விகிதம் எனலாம். பறக்கும் அணிலுக்கு இது இரண்டு அல்லது மூன்று. பருந்துக்கு ஏறக்குறைய பத்து. பெரிய பயணிகள் விமானத்துக்குப் பதினைந்துக்கு மேல். கடலோடிப் பறவையான ஆல்பட்ராஸுக்கு இருபதை ஒட்டி. எஞ்சினே இல்லாமல் பறப்பதற்கென்று கட்டப்படும் நவீன கிளைடர் விமானங்களுக்கு நாற்பது முதல் அறுபது வரை.

இதை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். கல்யாண் நிலையத்துக்கு மேல் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பருந்து, காற்று அசையாத நாளில், சிறகடிக்காமல் 6 கிலோமீட்டர் செல்லலாம். அதாவது டோம்பிவிலி நிலையம் வரை பயணச்சீட்டு இல்லாமல் போய்ச் சேரலாம். கல்யாணுக்கு மேல் 10 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் பயணிகள் விமானத்தின் எஞ்சின்கள் அனைத்தும் நின்றுபோனாலும், 110 கிலோமீட்டர் அப்பால் உள்ள புணேயை எட்டும் அளவுக்கு அதன் உயரம் போதும். எஞ்சின் நின்றதும் விமானம் விழுந்துவிடும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அது பிழை.

விகிதம் கூடுவதற்குச் சிறகின் வடிவம் காரணம். சிறகின் கீழ்ப்புறத்தில் அழுத்தம் மிகுதி, மேற்புறத்தில் குறைவு. ஆதலால் சிறகின் நுனியில் காற்று கீழிருந்து மேலாகச் சுழன்று கசிகிறது. அந்தச் சுழல் வீண்செலவு. நீண்டு ஒடுங்கிய சிறகில் இக்கசிவு குறைவு. அதனால்தான் ஆல்பட்ராஸின் சிறகுகள் மூன்று மீட்டருக்கு மேல் விரிகின்றன. கிளைடரின் இறக்கைகளும் மெலிந்து நீண்டிருக்கின்றன. மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் இடையே புகுந்து வரவேண்டிய பருந்துக்கு அவ்வளவு நீளமான சிறகு உதவாது. அது வேறொரு வழி கண்டிருக்கிறது. அதன் சிறகு நுனியில் இறகுகள் விரல்களைப் போலப் பிரிந்து நிற்பதைக் காணலாம். ஒரு பெரிய சுழலைப் பல சிறு சுழல்களாகப் பிரித்து வீண்செலவைக் குறைக்கும் ஏற்பாடு அது.

‘உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது’ என்பது பழமொழி. தகுதியைக் குறைத்துப் பேசுவதற்கே அதைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். பறத்தலின் கணக்கு தெரிந்தவர் அதை வேறு விதமாகப் படிப்பார். குருவியின் சிறு சிறகு படபடவென்று அடிப்பதற்கு ஏற்றது. நினைத்த மாத்திரத்தில் எழவும், திரும்பவும், கூரைச் சந்தில் நுழையவும் அது வல்லது. பருந்தின் அகன்ற சிறகு காத்திருப்பதற்கு ஏற்றது. இரண்டும் இருவேறு வாழ்க்கைக்கான இருவேறு கணக்குகள்.

வரவு எங்கிருந்து?

சறுக்கும் பறவை விழுந்துகொண்டே இருக்கிறது என்றோம். அப்படியானால் கல்யாண் பருந்து எவ்வாறு மேலேறியது? அது காற்றுக்குள் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது விழுந்த வேகத்தைவிட விரைவாக அக்காற்று மேலேறிக்கொண்டிருந்தது. கீழ்நோக்கி இறங்குபவர், மேல்நோக்கி விரையும் மின்படிக்கட்டில் நின்றால் மேல்தளத்துக்கே போய்ச் சேர்வார் அல்லவா? அதைப் போன்றது இது.

காலைச் சூரியன் ஏறியதும் தரை ஒரே சீராகச் சூடாவதில்லை. உல்லாஸ் ஆற்றின் நீர் மெல்லச் சூடாகும். சரளைக்கல் பரப்பிய ரயில் தடங்களும், தார்ச்சாலைகளும், கான்கிரீட் மொட்டைமாடிகளும், தகரக் கூரைகளும் விரைவில் கொதிக்கும். அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று சூடாகி, விரிந்து, எடை குறைந்து, ஒரு தூண்போல மேலெழுகிறது. நொடிக்கு இரண்டு மீட்டர் எழும் காற்றுத் தூணில், நொடிக்கு ஒரு மீட்டர் இறங்கும் பருந்து நுழைந்தால், நிகர வரவு நொடிக்கு ஒரு மீட்டர். பத்து நிமிடத்தில் 600 மீட்டர். டோம்பிவிலிப் பயணத்துக்கான முதல் அப்படித்தான் சேர்கிறது. தூண் அகலமானதன்று, அதை விட்டு வெளியேறாமல் இருக்கவே பருந்து வட்டமிடுகிறது. வேடிக்கைக்காக அன்று.

எங்கள் ஊரின் அமைப்பும் இதற்கு உதவுகிறது. கடலோர மும்பையில் பகல் ஏறியதும் குளிர்ந்த கடற்காற்று வந்து தரையின் சூட்டைத் தணித்துவிடும். கல்யாண் கடலிலிருந்து உள்தள்ளி இருக்கிறது. தெற்கே மலங்கட் மலை தெரிகிறது. கிழக்கே சஹ்யாத்ரி எழுந்து நிற்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்று மலைச்சரிவில் மோதினால் மேல்நோக்கியே திரும்பவேண்டும். அந்தச் சரிவுக் காற்றும் சிறகுக்கு ஓர் ஏணி. கல்யாணில் இருப்புப்பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாரா வழியாக நாசிக்குக்கும், மற்றொன்று கர்ஜத் வழியாகப் புணேக்கும் மலையேறுகிறது. சென்னைக்குச் செல்லும் நம்மவர்களுக்குப் பழக்கமான பாதை இரண்டாவது. கர்ஜத் தாண்டி ரயில் மூச்சு வாங்கிப் போர்காட் ஏறும்போது சன்னலோரம் அமர்ந்து பாருங்கள். ரயிலுக்குப் பின்னால் கூடுதல் எஞ்சின்கள் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும்; பள்ளத்தாக்கின் மேல், நம் கண்ணுக்கு நேராக, எஞ்சினே இல்லாத பருந்து அதே ஏற்றத்தை ஏறிக்கொண்டிருக்கும்.

மழைக்காலத்தில் இந்த வரவு நின்றுபோகிறது. மேகம் மூடிய நாளில் தரை சூடேறாது; காற்றுத் தூண் எழாது. அந்நாட்களில் பருந்துகள் விளக்குக் கோபுரங்களில் சிறகை ஒடுக்கி அமர்ந்திருப்பதைக் காணலாம். பறக்க நேர்ந்தாலும் உழைத்துச் சிறகடித்தே பறக்கும். அதிகாலையிலும் அந்தியிலும் அப்படித்தான். இக்கட்டுரையின் இறுதியில் இச்செய்தி நமக்குத் தேவைப்படும்.

இவ்வாறு சேமிக்கும் கலையில் உலகிலேயே கைதேர்ந்த பறவைகளுள் ஒன்று தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக் காண்டோர் கழுகு. 15 கிலோ வரை எடையுள்ள பறவை அது. அதன் உடலில் கருவி பொருத்தி ஆய்ந்தவர்கள் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, அது பறக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்கே சிறகடிக்கிறது. அதுவும் பெரும்பாலும் தரையிலிருந்து எழும்போது. ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்கு மேலாக, 172 கிலோமீட்டர் தொலைவை, ஒருமுறையேனும் சிறகடிக்காமல் கடந்தது.

மலைத்தொடரின் சறுக்குநர்கள்

நாம் ரயிலில் கடக்கும் அந்த மலைத்தொடர் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. கோவா, கர்நாடகம், கேரளம் வழியாகத் தமிழகத்தின் ஆனைமலைக்கும் அதற்கு அப்பாலும் நீள்கிறது. அம்மலைத்தொடரின் காடுகளில், சிறகே இல்லாமல் சறுக்கக் கற்ற உயிரினங்கள் பல வாழ்கின்றன.

பெரிய பறக்கும் அணில் இரவில் உலவுவது. அதன் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே மடிந்த தோல் உண்டு. உயர்ந்த மரத்திலிருந்து தாவி நான்கு கால்களையும் அகற்றினால் அத்தோல் விரிந்து போர்வையாகிறது, வால் சுக்கானாகிறது. பறக்கும் ஓணான் உள்ளங்கையில் அடங்கும் சிறு பிராணி. அதன் விலா எலும்புகள் உடலைவிட்டு வெளியே நீண்டு, தோலைத் தாங்கிக் குடைக் கம்பிகள்போல் விரிகின்றன. மலபார் சறுக்குத் தவளைக்கு விரல்களுக்கு இடையிலுள்ள அகன்ற சவ்வே போதுமானது. இவை எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது பறக்கும் பாம்பு. கைகாலோ சவ்வோ இல்லாத அது, விலா எலும்புகளை விரித்துத் தன் உடலையே தட்டையாக்கி, காற்றில் நெளிந்தபடி அடுத்த மரத்துக்குச் சறுக்குகிறது.

இவற்றின் சறுக்கு விகிதம் பருந்தோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆனால் அவற்றுக்கு அடுத்த மரத்தை அடைந்தால் போதும். மரத்திலிருந்து இறங்கி, தரையில் நடந்து, மீண்டும் ஏறுவதற்கு ஆகும் உழைப்பும், இடையில் பகைவரிடம் சிக்கும் ஆபத்தும் மிச்சம். மரங்களுக்கு இடையே இடைவெளி பெரிதானால் இக்கணக்கு பொய்த்துவிடும். காட்டில் அகலமான சாலை போடும்போது பறக்கும் அணிலுக்கு நேர்வது அதுவே. நமக்குச் சாலை, அதற்கு எட்டாத அக்கரை.

நட்சத்திரப் பெயர் கொண்ட விமானங்கள்

மனிதனும் எஞ்சினைக் கொண்டு பறக்கத் தொடங்கவில்லை, சறுக்கியே தொடங்கினான். ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்தால் நாரைகளைப் பல்லாண்டுகள் கவனித்து, பறவைகளின் பறத்தலைப் பற்றி 1889-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். 1891 முதல் தாமே கட்டிய இறக்கைகளோடு குன்றுகளிலிருந்து சறுக்கினார். 1896-ஆம் ஆண்டு அத்தகைய பயணம் ஒன்றில் விழுந்து மாண்டார். அவருடைய எழுத்துகளைப் படித்த அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் 1900 முதல் 1902 வரை கிளைடர்களைக் கட்டி, நூற்றுக்கணக்கான முறை மணல்மேடுகளிலிருந்து சறுக்கி, விமானத்தைக் கட்டுப்படுத்தக் கற்றார்கள். அதன்பிறகே 1903 டிசம்பரில் எஞ்சினைப் பொருத்தினார்கள்.

விடுதலை பெற்ற இந்தியாவும் இளைஞர்களுக்குப் பறக்கக் கற்பிக்கக் கிளைடரையே மலிவான பள்ளிக்கூடமாகக் கண்டது. புதுதில்லியில் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் என்னும் பொறியாளர் கிளைடர்களை வடிவமைத்தார். 1958-ஆம் ஆண்டு பறந்தது அசுவினி. 1961-இல் ரோகிணி. 1963-இல் கார்த்திக். அதே துறை பரணி என்ற கிளைடரையும், 1970-இல் மிருகசீர் என்ற கிளைடரையும் கட்டியது; பின்னர் ஆர்த்ரா வந்தது. பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இப்பெயர்களின் வரிசை உடனே விளங்கும். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என, முதல் ஆறு நட்சத்திரங்களும் நம் நாட்டின் எஞ்சினற்ற விமானங்களாக வானேறியிருக்கின்றன.

இவற்றுள் ரோகிணி ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் அமரும் பயிற்சிக் கிளைடர். எங்களூரிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் அடையக்கூடிய புணேயின் ஹடப்சரில் மத்திய அரசு கிளைடர் பயிற்சி மையம் ஒன்றைப் பல்லாண்டுகளாக நடத்தி வந்துள்ளது. சுழல் உருளையில் கம்பிவடத்தைச் சுற்றி இழுக்க, கிளைடர் பட்டம்போல் எழும். உச்சியில் வடத்தை விடுவித்ததும் விமானியும் காற்றும் மட்டுமே மிஞ்சுவர். அதே பாதையில் லோணாவளாவைக் கடந்து வரும் காம்ஷேத் ஊரின் குன்றுகளில் இன்று பாராகிளைடிங் கற்பிக்கப்படுகிறது. அங்கே பயிலும் மாணவர்களும் வட்டமிடும் பருந்தைத் தேடியே செல்கிறார்கள். ஏறும் காற்று கண்ணுக்குத் தெரியாது. அதில் ஏறும் பருந்து தெரியும்.

விண்வெளித் துறையிலும் இக்கலைக்கு இடமுண்டு. இஸ்ரோ நிறுவனம் மீண்டும் பயன்படுத்தத்தக்க விண்கலத்தை உருவாக்கும் முயற்சியில், சிறகுள்ள ஒரு கலத்தை 2023 ஏப்ரல் 2-ஆம் நாள் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் ஹெலிகாப்டரால் 4.5 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கி விடுவித்தது. விமானியோ எஞ்சினின் உந்துதலோ இல்லாமல், தானே கணித்துச் சறுக்கி, அது ஓடுபாதையில் இறங்கியது. 2024-இல் புஷ்பக் என்ற பெயரோடு மேலும் இருமுறை இச்சோதனை வெற்றி கண்டது.

எஞ்சின் நின்ற பிறகு

சறுக்கும் கலை உயிர் காத்த நிகழ்ச்சிகளுள் இரண்டை இங்கே கூறவேண்டும்.

1982 ஜூன் 24-ஆம் நாள், லண்டனில் புறப்பட்டு மும்பை, கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியாவை நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், ஜாவா தீவுக்கு அருகே நள்ளிருளில் கலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் நுழைந்தது. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 263 பேர் அதில் இருந்தனர். 37,000 அடி உயரத்திலிருந்து விமானம் கிளைடராகச் சறுக்கியது. சாம்பலை விட்டு வெளியேறித் தூய காற்றுக்கு வந்தபின் எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற, அது ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. அந்தச் சறுக்கல் வாங்கித் தந்த நிமிடங்களே அத்தனை பேரையும் காத்தன.

மற்றொன்று, கணக்கோடு புழங்கும் எங்களைப் போன்றோர் மறக்கக்கூடாத நிகழ்ச்சி. 1983 ஜூலை 23-ஆம் நாள், ஏர் கனடாவின் போயிங் 767 விமானமொன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. அளவுமானி பழுதாகியிருந்ததால், தொட்டியில் இருந்த லிட்டரை அளந்து எடையாக மாற்றிக் கணக்கிட்டார்கள். அந்நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். லிட்டருக்கு 0.80 கிலோ என்று பெருக்கவேண்டிய இடத்தில், பழைய பவுண்டுக் கணக்கின் 1.77 என்ற எண்ணால் பெருக்கிவிட்டார்கள். விடை 22,300 என்றே வந்தது. ஆனால் அது கிலோ அன்று, பவுண்டு. தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் கிளம்பியது. கூட்டல் பெருக்கல் எதிலும் பிழையில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய அலகு மட்டுமே மாறியிருந்தது.

41,000 அடி உயரத்தில் பறக்கையில் எரிபொருள் தீர்ந்தது. விமானத்தில் 69 பேர். விமானி பாப் பியர்சன் கிளைடர் ஓட்டுவதில் தேர்ந்தவர். துணை விமானி மாரிஸ் குவின்டல் முன்னர் பணியாற்றிய கிம்லி என்ற இடத்தில் பழைய விமானப்படை ஓடுபாதை இருந்தது. அதை நோக்கிச் சறுக்கினார்கள். நெருங்கியபோது உயரம் சற்று மிகுதியாக இருந்தது. அப்போது பியர்சன், பெரிய பயணிகள் விமானத்தில் எவரும் செய்யத் துணியாத கிளைடர் உத்தியைக் கையாண்டார். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து இழுவிசையைக் கூட்டி, மிகுந்திருந்த உயரத்தைச் செலவழித்தார். சேமிக்கத் தெரிந்தவருக்கு எப்போது செலவிடவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. விமானம் தரையிறங்கியது, ஒருவர் உயிரும் போகவில்லை.

வானம் வெறுமையானபோது

மீண்டும் நம் வானத்துக்கு வருவோம். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வூர்களின் வானத்தில் பருந்தைவிடப் பெரிய சறுக்குநர்கள் இருந்தன. பாறு என்றும் பிணந்தின்னிக் கழுகு என்றும் அழைக்கப்படும் அப்பறவைகள் நாடெங்கும் கோடிக்கணக்கில் வாழ்ந்தன. மும்பையின் மலபார் குன்றில் பார்சி மக்கள் இறந்தோரை வைக்கும் அமைதிக் கோபுரங்களின் மரபு அப்பறவைகளை நம்பியே நிலைத்திருந்தது.

சிறகடிக்காமல் பறப்பதால்தான் பாறுகளால் அவ்வாறு வாழ முடிந்தது. இறந்த விலங்கு எங்கே கிடக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. நாள் முழுதும் பெரும்பரப்பைத் தேடவேண்டும். சிறகடித்துத் தேடினால் கிடைக்கும் உணவைவிடச் செலவு மிகுந்துவிடும். ஒரு பாறு இரையைக் கண்டு கீழிறங்கினால், தொலைவில் வட்டமிடும் மற்றொன்று அதைக் கவனித்து வரும். அதைப் பார்த்து இன்னொன்று வரும். சற்று நேரத்தில் பல கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள பறவைகள் ஓரிடத்தில் கூடிவிடும்.

அந்தத் திறமையே அவற்றுக்கு எமனாயிற்று. கால்நடைகளின் வலிக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது என 2004-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் அம்மருந்து இருந்தாலே இப்பேரழிவுக்குப் போதும் என்பது கணக்கு. ஒரு சடலத்தில் அத்தனை பறவைகள் கூடியதே காரணம். வெண்முதுகுப் பாறு இனம் பதினைந்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. 2006-ஆம் ஆண்டு கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. இன்று தமிழகத்தில் நீலகிரிக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் சில பாறுகள் எஞ்சியுள்ளன. மலபார் குன்றில் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளைக் கொண்டு அப்பறவைகளின் பணியை ஈடுசெய்ய முயன்றார்கள்.

பொங்கல் நாளின் நூல்

பருந்து இன்னும் நம்மிடம் இருக்கிறது. மீன் அங்காடியின் கழிவிலும் குப்பைமேட்டிலும் இரை தேடி, நகரத்தோடு ஒத்துவாழக் கற்றுக்கொண்டது. அதற்கு ஆண்டில் ஒருமுறை பெருந்துன்பம் வருகிறது; அதுவும் நம் பண்டிகையன்று.

நாம் பொங்கலிடும் நாளில்தான் மராட்டிய மக்களும் குஜராத்தி மக்களும் மகர சங்கராந்தி கொண்டாடுகிறார்கள். மொட்டைமாடிகளிலிருந்து பட்டங்கள் எழுகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து பட்டம் விடுகிறார்கள்; அழகான காட்சி. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல்தான் இடர். சென்னைவாழ் மக்களும் அதை நன்கறிவர். அங்கே மனித உயிர்களையே அது வாங்கியிருக்கிறது. நைலான் உள்ளிட்ட செயற்கை இழைகளால் ஆன மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நாடெங்கும் தடை செய்தது. ஆயினும் ஒவ்வொரு ஜனவரியிலும் சிறகறுந்த பருந்துகள் மும்பையின் விலங்கு மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

காயம் பெரும்பாலும் ஒரே இடத்தில் அமைகிறது. பறவையின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே, சிறகின் முன்விளிம்பில், இழுத்துக் கட்டிய திரைபோல ஒரு மெல்லிய தோலும் தசைநாரும் உண்டு. சறுக்குவதற்கு வேண்டிய வளைவைச் சிறகுக்குத் தருவது அதுவே. விரித்த சிறகோடு வரும் பருந்தின் மீது நூல் முதலில் படுவதும் அங்கேதான். எலும்பு முறிந்தால் கட்டலாம். அந்தத் தோலும் நாரும் அறுந்தால், தைத்த பின்னும் பல பறவைகளால் மீண்டும் சறுக்க இயலாது. சறுக்க இயலாத பருந்துக்கு வரவில்லை, செலவு மட்டுமே.

காற்றுத் தூண் எழாத வேளைகளைப் பற்றி முன்னர் கூறியது இங்கே பயன்படும். அதிகாலையிலும் அந்தியிலும் பருந்துகள் உயரே ஏற முடியாமல், கூரைகளுக்குச் சற்று மேலே, தாழப் பறந்து இரைக்குச் செல்கின்றன, கூடு திரும்புகின்றன. பட்ட நூல் பரவியிருப்பதும் அதே உயரத்தில்தான். நண்பகலில் அவை பெரும்பாலும் நூல் எட்டாத உயரத்தில் இருக்கும். ஆதலால் நம் பிள்ளைகள் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் பட்டம் விடாதிருந்தாலே பல சிறகுகள் தப்பும். பூச்சில்லாத பருத்தி நூலையே வாங்கலாம். பண்டிகை முடிந்த மறுநாள், மொட்டைமாடியிலும் மரக்கிளையிலும் கம்பங்களிலும் எட்டும் தொலைவில் தொங்கும் நூலைச் சுருட்டி அப்புறப்படுத்தலாம். அறுந்த நூல் மாதக்கணக்கில் அங்கேயே காத்திருக்கும்.

நூலில் சிக்கிய பறவையைக் கண்டால் நூலைப் பிடித்து இழுக்கக்கூடாது. நூலைச் சற்றுத் தள்ளி வெட்டிவிட்டு, பறவையின் மேல் துணியைப் போர்த்தி எடுத்து, காற்றுத்துளைகள் உள்ள அட்டைப்பெட்டியில் இருட்டில் வைக்கவேண்டும். நீரோ உணவோ புகட்டக்கூடாது. மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்; அருகிலுள்ள விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லலாம்.

நம் இலக்கண நூலான நன்னூல், சூத்திரங்கள் அமையும் நிலைகளுள் ஒன்றுக்குப் பருந்தின் வீழ்வு என்று பெயர் சூட்டியிருக்கிறது. நெடுந்தொலைவை மிதந்து கடந்து, வேண்டிய ஒன்றை மட்டும் நோக்கி இறங்கும் பருந்தை அந்நூலாசிரியர் எத்தனை கவனமாகப் பார்த்திருக்க வேண்டும்! வருகிற பொங்கலன்று காலையில் பானை பொங்கி முடிந்தபின், பத்து மணிக்கு மேல், வீட்டாரோடு மொட்டைமாடிக்குச் சென்று சற்றே மேலே பாருங்கள். பட்டங்களுக்கும் மேலே, சிறகசைக்காமல், அவை ஏறிக்கொண்டிருக்கும்.